சுவரில் ஏறிய பாய்: வீட்டலங்காரக் கடைகள் குறித்து ஒரு விமர்சனம்

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்து 80ஆம் வசனம், வீட்டை இறைவன் மனிதருக்கு அளித்த அமைதித் தலமாகக் குறிப்பிடுகின்றது. கம்பளியாலும் உரோமத்தாலும் முடியாலும் ஆகும் வீட்டுத் தளவாடங்களையும் அதே வசனம் அருட்கொடைகளின் வரிசையில் வைக்கின்றது. அவை ஒரு காலம் வரைக்குமே பயன் தருவன என்ற குறிப்பையும் உடன் சேர்க்கின்றது. வீட்டுப் பொருள் ஓர் அருட்கொடை; அதற்கு ஒரு பயன் உண்டு; அதற்கு ஒரு தவணையும் உண்டு. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு, அண்மைக் காலத்தில் நம்மிடையே பெருகிவரும் வீட்டலங்கார நாட்டத்தையும் அந்நாட்டத்துக்குத் தீனி போடும் கடைகளையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சிந்தனை எழுந்த இடம் ஒரு பெருநகரம் அன்று. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய வறண்ட பூமியிலே உள்ள எம்.ரெட்டியபட்டியில் என் நண்பர் ஒருவர் புதிதாக வீடு கட்டினார். மழையில் ஊறினால் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண் அவ்வட்டாரத்து மண். அதன்மேல் சுவர் எழுப்புவோர் அடித்தளத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவர். நண்பரும் அவ்வாறே கவலைப்பட்டார். கட்டி முடித்தபின் கவலை வேறு திசையில் திரும்பியது. சென்னையில் படித்து முடித்து ஊர் திரும்பியிருந்த அவருடைய மகள், வெறுஞ்சுவர்களைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு ஒரு முகமே இல்லையே, அத்தா" என்றாள். முகம் தேடி மூவரும் காரைக்குடிக்குப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் பழைய வீட்டின் பரணிலிருந்து ஒரு பாய் கீழே இறங்கியிருந்தது. நண்பரின் தாயாருக்குத் திருமணத்தின்போது பத்தமடையிலிருந்து நெய்து வந்த பாய் அது. மணமக்கள் இருவரின் பெயர்களும் அதிலே நெய்யப்பட்டிருந்தன. அவ்விருவரும் இன்று இல்லை. அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிவிடலாம் என்பது மகளின் எண்ணம். தந்தைக்கு அதில் முழு இசைவு இல்லை; இசையாமைக்கான காரணத்தைச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காரணத்தைத் தேடியே இந்தக் கட்டுரை எழுதப்படுகின்றது.

காரைக்குடியின் கடைத்தெரு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் வெளிநாட்டுப் பயணிகளிடையேயும் புகழ் பெற்றவை. பித்தளைப் பூட்டுகள், இனாமல் தட்டுகள், பீங்கான் சாடிகள், கருங்காலிப் பெட்டிகள், சாவி கொடுக்கும் கடிகாரங்கள், ரவிவர்மாவின் அச்சுப் படங்கள், முழு உருவில் பெயர்த்தெடுக்கப்பட்ட நிலைக்கதவுகள் என அங்கே காணக் கிடைப்பவை ஏராளம். இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழிலும் வாணிகமும் செய்து பொருளீட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கொண்டு மாளிகைகள் கட்டினர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களும், 1962க்குப் பிந்தைய நாட்டுடைமை நடவடிக்கைகளும் எஞ்சிய செல்வத்தையும் பறித்தன. பேணிக் காக்க இயலாத மாளிகைகள் பல உடைக்கப்பட்டன. தூண் ஒரு திசைக்கும் கதவு ஒரு திசைக்கும் பாத்திரம் ஒரு திசைக்குமாகப் பிரிந்து போயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றதற்குள் இழப்பு பெருமளவில் நிகழ்ந்து முடிந்திருந்தது.

இக்கடைகளைப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. இவை இல்லாவிடில் அந்தத் தேக்கு விறகாகியிருக்கும், பித்தளை உருக்கப்பட்டிருக்கும். எந்தப் பூட்டு எந்த வகை, எந்த மரம் எந்த நாட்டது என்று கடைக்காரர்கள் சொல்லும் செய்திகளில் ஏட்டில் ஏறாத அறிவு பொதிந்திருக்கின்றது. கண்ணுக்கு அவை விருந்து என்பதையும் மறுப்பதற்கில்லை. நண்பரின் மகள் ஒவ்வொரு கடையிலும் அரைமணி நேரம் நின்றாள், நானும்தான் நின்றேன்.

எனினும், நின்று பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அலங்காரப் பொருளாக மாறும் ஒவ்வொன்றும் தன் வேலையை இழந்தபின்பே அவ்வாறு மாறுகின்றது. அரிசி காய்ச்சிய வெண்கல உருளி, தண்ணீரும் பூவிதழும் தாங்கி வரவேற்பறையில் அமர்கின்றது. கதவு, மேசையாகப் படுக்கின்றது. ஆட்டுக்கல் தோட்டத்துக்குப் போகின்றது. தானியம் அளந்த படி, பேனாக்கள் செருகும் கூடாகின்றது. இவற்றுள் படியின் நிலையே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அளவைக் கருவி நீதியின் கருவி. அளவில் மோசம் செய்வோருக்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் அவர்களின் பெயராலேயே வழங்குகின்றது. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே சாட்சியாக நின்ற ஒரு பாத்திரம் பேனாக் கூடானபோது, அதன் வடிவம் முழுமையாக மிஞ்சியது. அதன் பொறுப்பு முற்றாக நீங்கியது. கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது பொறுப்பு நீங்கிய வடிவத்தையே.

இரண்டு திரைகள், இரண்டு பாய்கள்

அலங்காரத்தை இஸ்லாம் வெறுக்கிறது என்ற எளிய முடிவுக்கு இங்கே தாவிவிடலாகாது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31, 32ஆம் வசனங்கள் வீண்விரயத்தைக் கண்டிக்கும் அதே மூச்சில், இறைவன் தன் அடியாருக்கென வெளிப்படுத்திய அழகை விலக்கியவர் யார் என்றும் வினவுகின்றன. 43ஆம் அத்தியாயத்தின் பெயரே அஸ்ஸுக்ருஃப், அதாவது பொன்னலங்காரம். அதன் 33 முதல் 35 வரையிலான வசனங்கள் வெள்ளிக் கூரை, படிக்கட்டு, கதவு, சாய்மஞ்சம், பொன்வேலைப்பாடு என்று ஓர் இல்லத்தின் உள்ளலங்காரத்தை வரிசையாக எண்ணிக் காட்டி, இவையெல்லாம் இவ்வுலக வாழ்வின் அற்ப சுகங்களே என்று முடிக்கின்றன. அழகு மறுக்கப்படவில்லை, அதன் இடமும் எல்லையும் வரையறுக்கப்படுகின்றன.

அந்த இடம் எது என்பதை நபிமொழித் தொகுப்புகளில் காணும் இரண்டு திரைகளின் செய்தி விளக்குகின்றது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் அமைந்த ஒரு திரையைத் தம் வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு வெறுத்து அகற்றினார்கள். இறைவனின் படைப்பைப் போலப் படைக்க முயலும் உருவ வேலையே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை போர்த்துமாறு நமக்குக் கட்டளை இல்லை என்ற கருத்தையும் சேர்த்துத் தருகின்றது. அன்னையார் அத்துணியை வீசிவிடவில்லை; வெட்டித் தலையணைகளாக்கினார்கள். அதை நாயகம் குறை கூறவில்லை. மற்றொரு திரை அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் வாயிலில் தொங்கிய வேலைப்பாடு மிக்க திரை. அதைக் கண்ட நாயகம் உள்ளே நுழையாமல் திரும்பினார்கள்; தேவையுடைய ஒரு குடும்பத்துக்கு அதை அனுப்பிவிடுமாறு பணித்தார்கள். ஸஹீஹ் புகாரியில் இச்செய்தி பதிவாகியிருக்கின்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளின் சட்டப் பொருளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே விரிவான விவாதங்கள் உண்டு. நாம் இங்கே கவனிப்பது துணியின் பயணத்தை மட்டுமே. இரண்டு துணிகளும் அழிக்கப்படவில்லை. ஒன்று சுவரிலிருந்து இறங்கித் தலைக்கு அணையாயிற்று. மற்றொன்று வாயிலிலிருந்து இறங்கி, இல்லாதவரின் இல்லத்துக்குப் போயிற்று. நெய்தவரின் உழைப்பு வீணாகவில்லை. அது கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது.

இத்திரைகளுக்கு எதிரே இரண்டு பாய்களை வைத்துப் பார்க்கலாம். நாயகம் படுத்திருந்த ஈச்சம்பாயின் தடம் அவர்களின் விலாவில் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்த செய்தி யாவரும் அறிந்தது. மற்றது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பாய். அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) நாயகத்தை விருந்துக்கு அழைத்தார்கள். உணவுக்குப் பின் தொழுகைக்காக ஒரு பாய் கொண்டுவரப்பட்டது. நெடுநாள் புழக்கத்தால் கறுத்துப்போன பாய் அது என்பதை அனஸ் அவர்கள் நினைவுகூர்கின்றார்கள். அதன்மேல் நீர் தெளித்தார்கள். நாயகம் அதிலேயே தொழுதார்கள். புழங்கிக் கறுத்ததை இன்றைய பழம்பொருள் வணிகம் மெருகு என்று பெயரிட்டு அதற்கும் விலை வைக்கின்றது. மதீனத்து வீட்டிலோ அந்தக் கறுப்பு, அந்தப் பாய் இன்னும் வேலையில் இருக்கின்றது என்பதற்கு அடையாளமாக இருந்தது.

பத்தமடைப் பாயின் நிலை

இனி நம் பாய்க்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் பாய் நெசவு பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். அதிலும் பெண்களின் கைத்திறன். தாமிரபரணிக் கரையின் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, உப்பிய கோரையை மெல்லிய இழைகளாகக் கீறிப் பக்குவப்படுத்துவர். பருத்தி நூல் பாவாகவும் கோரை ஊடையாகவும் அமையும். சிவப்புக்குச் சப்பங்கி மரத்தின் சாயம் பயன்பட்டது. பட்டுப் பாய் எனப்படும் உயர்தரப் பாய் துணிபோல் மடியும். ஒன்றை முடிக்கச் சில வாரங்கள் செல்லும். புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் இப்பாய்க்கு உண்டு. கோரை வியர்வையை உறிஞ்சும். உடலுக்குக் குளிர்ச்சி தரும். அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோடையில் மின்விசிறி நின்றுபோன நடுப்பகலில் இந்தப் பாயின் அருமையை உடலே சொல்லும்.

ஒருபுறம் விலை மலிந்த நெகிழிப் பாய்கள் இத்தொழிலின் அடிமடியில் கை வைத்தன. மறுபுறம் நகரத்து வடிவமைப்புக் கடைகள் இதற்கு ஒரு புதுவாழ்வு தருவதாகச் சொல்கின்றன. அங்கே பாய் சுவர்த் தொங்கலாகவும், மேசை விரிப்பாகவும், விளக்குக் கூண்டாகவும் உருமாறுகின்றது. படுக்க விரிக்கும் அளவில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை. விலைச்சீட்டில் கடையின் பெயர் இருக்கும். சில வேளைகளில் வடிவமைப்பாளரின் பெயரும் இருக்கும். நெய்தவளின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். சுவரில் மாட்டுவதற்கென வாங்குபவர் நெகிழிப் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவதில்லை. அதிக விலை கொடுக்கின்றார். அதில் ஒரு பங்காவது நெய்பவளுக்குச் சேருமல்லவா? சேரலாம். அலங்காரச் சந்தை இல்லாது போயின் உயர்தரப் பாயின் நெசவே நின்றுவிடும் அபாயமும் உண்டு. ஆயினும் அந்தச் சந்தையின் இயல்பை மறந்துவிடலாகாது. சுவருக்கு ஒரு பாய் போதும், அது தேய்வதில்லை, தேயாத பொருளுக்கு மாற்று வேண்டியதில்லை. விரித்துப் படுக்கும் வீடோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பாய் கேட்கும். ஒரு பொருளின் தவணையே அதைச் செய்பவரின் வாழ்வாதாரம். பாயைச் சாகாவரம் பெற்ற கலைப்பொருளாக்கும்போது, அடுத்த பாய்க்கான தேவையை நாம் அறியாமலேயே ஒழித்துவிடுகின்றோம். அந்நஹ்ல் வசனம் குறிப்பிடும் அந்த 'ஒரு காலம் வரை' என்ற எல்லைக்குள் நெசவாளியின் அடுப்பும் அடங்கியிருக்கின்றது.

கண்ணாடிமேல் பிறக்கும் கல்

காரைக்குடிப் பயணத்தின் முடிவில் ஆத்தங்குடிக்கும் சென்றோம். அங்கே கண்டது வேறொரு காட்சி. கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அச்சின் கட்டங்களுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றுகின்றார்கள். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அமுக்குகின்றார்கள். சூளை இல்லை, நீரில் ஊறியும் காற்றில் உலர்ந்தும் கல் இறுகுகின்றது. கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் பளபளப்பாகின்றது. மிதிக்க மிதிக்க மெருகேறும் என்பது அவ்வூர்ச் சொல்.

இதுவும் அலங்காரம்தான், வண்ணமும் பூவும் கொடியும் நிறைந்த அலங்காரம். ஆனால் இதன் அழகு காலடியில் கிடக்கின்றது. செய்தவர் கண்முன் நிற்கின்றார். உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் அவரே செய்து தருவார். காரைக்குடிக் கடைக்கும் ஆத்தங்குடிப் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். பொருளைக் கருதும் முறையில் உள்ள தொலைவு பெரிது.

தமிழ் முஸ்லிம்களின் கலை மரபும் பட்டறையின் பக்கமே நின்றுள்ளது. கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் தூண்கள் திராவிடச் சிற்ப மரபில் அமைந்தவை. உருவங்கள் நீங்கிய இடத்தில் பூவும் கொடியும் வடிவக் கோலங்களும் அமர்ந்தன. அவற்றைத் தாங்கும் தூண், கூரையைத் தாங்கும் வேலையையும் செய்துகொண்டே இருக்கின்றது. அலங்காரமும் கடமையும் ஒரே கல்லில் ஒன்றியிருந்தன.

பிற நாட்டாரும் இதை உணராமலில்லை. இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையில் நம் சாதாரணச் செம்பையே தலைசிறந்த வடிவமாகப் போற்றினர். கைக்கும் இடுப்புக்கும் தண்ணீருக்கும் பொருந்தியதாலேயே அது அழகாயிற்று என்பது அவர்கள் கண்ட உண்மை. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அவ்வறிக்கை அடிகோலியது. ஜப்பானில் யானகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பாத்திரங்களிலேயே உயர்ந்த அழகு உள்ளது என்று வாதிட்டார். ஆனால் அவரும் 1936இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகம் நிறுவி, அப்பாத்திரங்களைக் கண்ணாடிக்குள் வைக்க நேர்ந்தது. புழக்கத்தைப் போற்றுபவனும் போற்றத் தொடங்கியவுடன் பொருளைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுகின்றான். இந்த முரணிலிருந்து எவரும் எளிதில் தப்புவதில்லை. நானும் தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செம்பின் அழகை மெச்சி எழுதும் என் மேசையில் இருப்பது பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி.

மூன்று வினாக்கள்

எனவே அலங்காரக் கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போகலாம், கண்ணாரக் காணலாம், வாங்கவும் செய்யலாம். வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம். இப்பொருள் என் வீட்டில் என்ன வேலை செய்யும்? இதைச் செய்தவர் யார், என் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா? இது தேய்ந்தால் அல்லது உடைந்தால் செப்பனிடவோ இன்னொன்று செய்யவோ ஆள் இருக்கின்றாரா? காரைக்குடியின் பழைய கதவு இரண்டாம் வினாவில் தோற்கும். ஆனால் அதை மீண்டும் ஒரு வாசலில் கதவாகவே பொருத்துபவர் முதல் வினாவில் வெல்வார். ஆத்தங்குடிக் கல் மூன்றிலும் தேறும். எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பும் வழியில் மானாமதுரையைக் கடந்தோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் மண்பாண்டமும் மூன்றிலும் தேறும். நண்பர் அங்கே ஒரு பானை வாங்கினார். அது இன்று அவர் வீட்டில் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கின்றது. அதைவிட அழகான பொருள் அக்கூடத்தில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் பரணிலிருந்து இறங்கிய பாய்க்கு இவ்வினாக்கள் எளிதில் விடை தரவில்லை. நண்பரின் மகளிடம் மேற்கண்ட வாதங்களையெல்லாம் நான் எடுத்துரைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிதித்தால் பெயர் அழிந்து போகுமே, மாமா" என்றாள். அதற்கு என்னிடம் ஆயத்த விடை இல்லை. பாட்டியும் பாட்டனாரும் மறைந்தபின் அவ்விரு பெயர்களும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும் இடம் அந்த வீட்டில் அது ஒன்றே. நினைவைக் காப்பதும் ஒரு வேலையாகாதா என்று அவள் கேட்டபோது, பொறுப்பு நீங்கிய வடிவம் என்று படியைப் பற்றி நான் சொன்னதை இந்தப் பாய்க்கு அப்படியே பொருத்த இயலவில்லை. கடையில் வாங்கிய பழம்பொருளுக்கும் குடும்பத்தில் வந்த பழம்பொருளுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது யாருடைய நினைவையோ நம் சுவரில் மாட்டுகின்றது, பின்னது நம்முடையதை.

இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பழைய பாய் சட்டமிடப்படாமல், கண்ணாடியின்றி, கூடத்தின் ஓரத்தில் மரக்கழி ஒன்றில் தொங்குகின்றது. காற்றும் கையும் அதைத் தொடலாம். பத்தமடைக்குச் சொல்லி இரண்டு புதிய பாய்கள் நெய்து வாங்கப்பட்டன. ஒன்றில் நண்பர் பகலில் படுக்கின்றார். மற்றொன்று வீட்டில் ஜமாஅத்தாகத் தொழும்போது விரிக்கப்படுகின்றது. சுவருக்கு ஒன்று ஏறினால், அதே கைகளிடமிருந்து தரைக்கு ஒன்றேனும் வரவேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகின்றது.

இருப்பினும் என் உள்ளம் இன்னமும் முழுமையாக ஒப்பவில்லை. முலைக்கா (ரலி) அவர்களின் வீட்டில் அன்று விருந்தினருக்கென ஒரு புதுப்பாய் இருந்திருக்குமானால், கறுத்துப்போன அந்தப் பாயைப் பற்றி நமக்குச் செய்தி கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். புதிய பாய்கள் அவ்வீட்டில் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. நண்பரின் மகளுக்கு அதில் வருத்தம். எனக்கோ, கரிசல் காட்டின் அந்த வீட்டுக்கு முகம் அங்கிருந்துதான் தோன்றத் தொடங்கியிருக்கின்றது என்று படுகின்றது.